அடித்த கோட்டருகே இரண்டு எழுத்து

அடுத்த அறையில் சாக்பீஸ் சத்தம் கேட்டது. அடுக்களையில் பூண்டும் மிளகாயும் இடித்துக்கொண்டிருந்த ரோஸ்மெனின் கை அப்படியே நின்றது.

முதலில் நீளமாக ஓர் இழுப்பு. அது கிடையச்சு. அடுத்தது மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. அது நிலையச்சு. மகள் நதேஜுக்கு அலமாரிக் கதவின் உட்புறம்தான் கரும்பலகை. அதில் அவள் என்ன வரைகிறாள் என்பதை இந்த ஒரு வருடத்தில் ரோஸ்மென் காதாலேயே படிக்கப் பழகியிருந்தாள். இப்போது டொக், டொக், டொக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம், மேலிருந்து கீழாக. புள்ளிக்கோடு. வளைவரை நெருங்கி நெருங்கிப் போயும் கடைசிவரை தொடாத தொலைத்தொடுகோடு அது. பிறகு இடமிருந்து வலமாக இன்னொரு டொக், டொக்.

ஒன்று செங்குத்து. ஒன்று படுக்கை. இன்னொரு செங்குத்துக் கோடு வரவேண்டும். ரோஸ்மென் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது, நிற்காமல், மேலேறாமல்.

உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். கையெல்லாம் மிளகாய்.

"நேத்து பரீட்சையில வந்த கணக்கா அது?"

"ஆமாம்மா." நதேஜ் திரும்பாமலே சொன்னாள்.

"ரெண்டுகிட்ட ஒரு கோடு போடலியே நீ?"

"அங்க எதுக்குக் கோடு? கீழ இருக்கறது மைனஸ் ரெண்டுலயும் சைபர், ரெண்டுலயும் சைபர். சரி. ஆனா ரெண்டுல மேல இருக்கறதும் சைபராயிடுது. மேலயும் கீழயும் ஒரே காரணி, அடிச்சு விட்டுடலாம். அங்க கோடு கிடையாது, வெறும் ஓட்டை. ஒரு புள்ளி மட்டும் இல்லாம வளைவு நேரா போயிடும்." சொல்லிவிட்டு வளைவின் நடுவே ஒரு குட்டி வட்டம் போட்டாள். "நீ ரெண்டு கோடும் போட்டுட்ட, அதான? எனக்குத் தெரியும். ஜெபமாலை உருட்டற மாதிரி கணக்கு படிச்சா அப்படித்தான் ஆகும்."

ரோஸ்மென் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் நீர் தளும்பியது. அது மிளகாயால் வந்ததில்லை.

"போட்டேன்டி. அப்புறம் அடிச்சுட்டேன்."

தாயும் மகளும் ஒரே வருடம் பள்ளியிறுதி அரசுத் தேர்வு எழுதுவது ஜாக்மெல் ஊரில் அதற்கு முன் யாரும் கேள்விப்படாத விஷயம். தெருவில் சிரித்தார்கள். "ரோஸ்மென், உன் பொண்ணுகூட சேர்ந்து பள்ளிக்கூடப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுட்டியா?" என்று பழக்காரி தினமும் கேட்டாள். ரோஸ்மெனும் தினமும் சிரித்தாள். உள்ளே எரிந்தது யாருக்குத் தெரியும்?

கடைசி வகுப்புக்கு ஒரு வருடம் இருக்கும்போது வயிற்றில் நதேஜ் வந்தாள். பள்ளிக்கூடம் அன்றோடு போயிற்று. நதேஜின் அப்பா வில்னேர், எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போகிறேன், கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனான். எத்தனையோ கிறிஸ்துமஸ் வந்தது, அவன் வரவில்லை. அவள் க்ளினிக்கில் தரை துடைக்கப் போனாள். துடைத்துக்கொண்டே தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றாள், பிறகு ரத்த அழுத்தம், பிறகு ஊசி. காய்ச்சல்காரர்களின் கட்டில் காலில் தொங்கும் அட்டைகளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது அவள் வேலையானது. அந்த அட்டைகளைப் பார்த்தால் அவளுக்கு நோயாளியின் முகம் தெரியும்.

இந்த வருடம் தலைமை நர்ஸ் மிஸ் இமாகுலா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "மேலிடத்து உத்தரவு, ரோஸ்மென். அரசுத் தேர்வு தேறாதவங்களுக்கு வர ஜனவரியிலேர்ந்து வார்டுல வேலை இல்ல. உன்னை மறுபடி துடைப்பம் பிடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. எழுதிடேன்."

துடைப்பம் அவளுக்குப் பெரிதில்லை. ஆனால் தன் நோயாளியின் அட்டையில் வேறு யாரோ புள்ளி வைப்பதை வாளியோடு நின்று பார்க்க வேண்டும். அதை நினைத்துத்தான் அவள் படிக்க உட்கார்ந்தாள்.

ஊரில் எல்லோரும் படிப்பது போலவே அவளும் படித்தாள். மாலையில் விளக்குக் கம்பத்தின் கீழே மேலும் கீழும் நடந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் உரக்க ஒப்பித்தாள். பின்னத்தில் கீழே இருக்கும் பகுதி சைபராகும் இடம் செங்குத்துத் தொலைத்தொடுகோடு. மேலும் கீழும் படி சமமானால் படுக்கைத் தொலைத்தொடுகோடு. ஒரு வார்த்தை தவறாது. சரித்திரத்தையும் அப்படித்தான் ஒப்பித்தாள், கணக்கையும் அப்படித்தான் ஒப்பித்தாள்.

"ஏன்னு கேளும்மா" என்பாள் நதேஜ். "அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி வச்சுப் பாரு. உன் காய்ச்சல் அட்டை மாதிரிதான்."

"நீ சும்மா இருடி. வர்றதையும் மறக்கடிச்சுடுவ."

பரீட்சை மண்டபத்தில் அந்தக் கணக்கு வந்தது. விகிதமுறு சார்பை ஆராய்ந்து வரைக. பகுதி சைபராகும் இடம் இரண்டு, மைனஸ் இரண்டு. உதடு தானாக ஒப்பித்தது. கை தானாக இரண்டு புள்ளிக்கோடு போட்டது, பேனாவால். பிறகுதான் புள்ளிகள் வைத்தாள். ஒன்றில் வைத்தாள். மூன்றில் வைத்தாள். இரண்டுக்குக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. இரண்டு பக்கமும் முக்கால் அளவில் அமைதியாக உட்கார்ந்திருந்தன புள்ளிகள். அவள் திகைத்துப் போனாள். கோட்டுப் பக்கம் போனால் வளைவு வானத்துக்கு எகிற வேண்டும், இல்லை பாதாளத்தில் விழ வேண்டும். இதுவோ நல்ல தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் உடம்புச் சூடு போல இருந்தது. காலையிலும் சுகம், மாலையிலும் சுகம். நடுவில் உயிர் போகும் காய்ச்சல் என்று எந்த அட்டையில் எழுத முடியும்?

ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோடு பொய் என்று தெரிந்தது. அந்த இடத்தில் பகுதி சைபர், அதனால் புள்ளியும் வைக்க முடியாது. ஒரு சின்ன வெற்று வட்டம் போட்டாள். பொய்க் கோட்டின் மேல் நேராக ஒரே ஓர் அடிப்பு அடித்தாள்.

"நல்ல வேளை" என்றாள் நதேஜ். முகம் மலர்ந்துவிட்டது. மிளகாய்க் கையென்றும் பாராமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பயந்தே போயிட்டேன். வகுப்புல முக்கால்வாசிப் பேரு ரெண்டு கோடுதான் போட்டிருக்காங்க. எதால அழிச்ச?"

"அழிக்கல. பேனாவாச்சே. எங்க முறைப்படி அடிச்சு, பக்கத்துல எழுத்துப் போட்டேன்."

"என்ன எழுத்து?"

"ஆர். டி."

நதேஜின் கை மெல்ல விலகியது.

க்ளினிக்கில் பென்சில் கூடாது. ரப்பர் கூடாது. தவறாக வைத்த புள்ளியைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, அடித்தவர் பெயரின் முதலெழுத்துகளைப் பக்கத்தில் போட வேண்டும். ரோஸ்மென் டெரவீன். ஆர். டி. இத்தனை வருடமாக அவள் கை செய்து வந்த காரியம். மண்டபத்தில் அவள் யோசிக்கக்கூட இல்லை. கண் சிமிட்டுவது போல அது நடந்துவிட்டது.

"அம்மா." நதேஜ் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நேத்து காலையில மேற்பார்வையாளர் விதியைப் படிச்சாரே, கேட்டியா? பேரு, கையெழுத்து, அடையாளம் எது இருந்தாலும் பேப்பர் ரத்து. எதுக்குப் பேரு எழுதின மூலையை மடிச்சு ஒட்டறாங்க? யாரோடதுன்னு திருத்தறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான?"

"அது படிக்கும்போது நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்டி" என்றாள் ரோஸ்மென்.

அடுக்களையில் ஏதோ கருகும் வாசனை வந்தது. இருவரும் நகரவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஊரின் பெரிய பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினார்கள். க்ளினிக்குக்குப் போகும் வழி அதுதான். அவள் சந்தை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். கனவில் யாரோ ஒரு முகம் தெரியாத மனிதன் அவள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆர், டி, என்று ஊரே கேட்கப் படித்தான்.

ஒருநாள் குழந்தை ஒன்றின் அட்டையில் தவறான கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டாள். அடித்தாள். எழுத்துப் போடப் போன பேனா நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் கை நகரவில்லை. அப்படியே மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மிஸ் இமாகுலா அட்டையோடு வந்து நின்றாள். "என்ன இது? எழுத்துப் போடாத திருத்தம் திருத்தமில்ல, ரோஸ்மென். அது பொய். உனக்கு நான் சொல்லணுமா?"

"மறந்துட்டேன், மிஸ்."

"மறக்கற ஆளா நீ? பரீட்சை நல்லா எழுதினதான?"

"நல்லாத்தான் எழுதினேன், மிஸ்" என்றாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

நதேஜ் ஒரு வழி சொன்னாள். அவளுடைய கணக்கு ஆசிரியர் ஃபனோர் திருத்தும் குழுவில் இருந்தார். கண்டிப்பானவர், அவர் சிரித்ததைப் பார்த்ததாக மாணவர்கள் யாரும் சொன்னதில்லை.

"அவர்கிட்ட சொல்லிடலாம்மா. ஆர். டி.ன்னு போட்ட பேப்பர் கண்ணுல பட்டா, அது ஆஸ்பத்திரிப் பழக்கம், வேற ஒண்ணுமில்லன்னு."

"கூடாது."

"ஏம்மா?"

ரோஸ்மென் சொன்னாள். "இதுவரைக்கும் அது என் கைப்பழக்கம். நம்ம போய் அவர் காதுல சொன்னா அன்னிலேர்ந்து அது சைகை. அப்ப ரத்து பண்ணினாங்கன்னா, நியாயமாத்தான் பண்ணுவாங்க."

"நியாயம், நியாயம்." நதேஜ் வெடித்தாள். "ஜனவரியில வாளியைத் தூக்கிட்டு நில்லு, நியாயம் வந்து தரை துடைக்கும். நான் மேல படிக்கப் போகணுமா, இல்ல உன்கூட நின்னு பிழிஞ்சு குடுக்கணுமா?"

சொன்னவுடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஸ்மென் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அந்தப் பெண்ணை வதைத்தது. இரண்டு நாள் கழித்து, அடைமழையில், செருப்பெல்லாம் சேறாக நதேஜ் வீடு திரும்பினாள். எங்கே போனாய் என்று தாய் கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் முதுகுக்கு முதுகு காட்டிப் படுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசணி சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கனத்த ஆண்குரல் கேட்டது.

"ஓநே."

வந்தவர் இப்படி மரியாதை சொன்னால், உள்ளேயிருந்து ‘ரெஸ்பே’ என்று பதில் வந்த பிறகுதான் படியேற வேண்டும். ரோஸ்மெனுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் டைஃபாய்டில் அவள் வார்டில் கிடந்தபோது தண்ணீர் கேட்ட குரல். நதேஜ்தான் சுவரோரமாக ஒட்டி நின்றுகொண்டு, "ரெஸ்பே, மாஸ்டர்" என்றாள்.

ஃபனோர் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சூப் வேண்டாம், காபி போதும் என்றார். ரோஸ்மென் துணிப் பையில் காபி வடித்துக் கொண்டுவந்தாள். அவர் முதல் சொட்டைச் செத்துப்போனவர்களுக்காகத் தரையில் விட்டார். ஊதினார். ஒரு வாய் குடித்தார். மறுபடி ஊதினார்.

"மதாம் ரோஸ்மென், உங்க பொண்ணு என் வீட்டுக்கு வந்தா."

ரோஸ்மென் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். "போகாதன்னு சொன்னேனேடி."

நதேஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க" என்றார் ஃபனோர். "அவ வந்தது வியாழக்கிழமை. அந்தப் பேப்பர் என் மேஜைக்கு வந்தது புதன்கிழமை. மூலை ஒட்டியிருக்கு, யாரோடதுன்னு தெரியாது. எதை எடுத்தாலும் ரெண்டு செங்குத்துக் கோடு, ரெண்டு செங்குத்துக் கோடு, எனக்குக் கண்ணே பூத்துப் போச்சு. இதுல ஒண்ணை அடிச்சிருக்கு. பக்கத்துல ரெண்டு எழுத்து. என்ன பண்ணணும் நான்? சட்டப்படி குழுத் தலைவர் மேஜையில கொண்டு வச்சுட்டேன்."

"நீங்களா வச்சீங்க, மாஸ்டர்?"

"நானேதான்."

ரோஸ்மென் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எவன் பார்ப்பானோ என்று எத்தனை இரவு பயந்தாளோ, அந்த முகம் தெரியாத மனிதன் தன் வீட்டில் தன் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

"மறுநாள் மழையில இவ வந்து கேட்டுக்கு வெளியவே நின்னு அழுதா. உள்ள வான்னாலும் வரல. சொல்லிட்டு ஓடிட்டா. எனக்குச் சோறு இறங்கல. வெள்ளிக்கிழமை தலைவர்கிட்ட போயி, இது யாரோடதுன்னு இப்ப எனக்குத் தெரியும், இனி இதைத் தொட மாட்டேன்னு சொன்னேன். அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. ‘அப்ப இது உனக்குப் போட்ட சைகையா?’ன்னாரு. இத்தனை வருஷ உத்தியோகத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல, மதாம்."

"என்னை மன்னிச்சுடுங்க, மாஸ்டர்" என்று நதேஜ் விசும்பினாள்.

"இரு, இரு. சைகை புரிஞ்சவன் புதன்கிழமையே கொண்டுவந்து உங்க முன்னால வைப்பானான்னு கேட்டேன். அவர் யோசிச்சாரு. நீ ஒரு நாள் முந்தி வந்திருந்தேன்னா பொண்ணே, சொல்ல எனக்கு அந்த ஒரு வார்த்தையும் இருந்திருக்காது. உங்கம்மா பேப்பர் குப்பைக்குப் போயிருக்கும். கூடவே நானும்."

சூப்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் ரோஸ்மென். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"குழுவைக் கூட்டினாங்க. ஆஸ்பத்திரிப் பழக்கம்னு நான் சொன்னா யாரு நம்புவா? பின் வரிசையில உயிரியல் வாத்தியார் ஒருத்தர், தூங்கிட்டிருந்தாருன்னு நினைச்சோம். எழுந்து நின்னு, ‘ஐயா, என் சம்சாரம் நர்ஸு. சந்தைக்குச் சாமான் எழுதிக் குடுத்தாக்கூட, வெங்காயத்தை அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடுவா. சண்டை போட்டாலும் நிறுத்த மாட்டேங்கறா’ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. தலைவர் சிரிக்கல. ஆனா பேனாவைக் கையில எடுத்தாரு."

ஃபனோர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரத்து இல்ல, மதாம் ரோஸ்மென். அடிச்ச கோடு கணக்குல கிடையாது. நிக்கற கோடு கணக்குல உண்டு. திருத்தறது வேற ஆள். அவருக்கு உங்களையும் தெரியாது, டைஃபாய்டும் வந்ததில்ல. என்ன மார்க்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்லலாமான்னு தலைவரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். ரேடியோவுல தேறினவங்க நம்பர் வாசிக்கும்போது கேட்டுக்கோங்க."

ரோஸ்மென் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நதேஜ் ஓடிவந்து அவள் மடியில் முகம் புதைத்தாள். தாயின் கை மகளின் பின்னலைத் தேடிப் பிடித்தது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் அந்தப் படபடப்பு போகவில்லை. இனிப் பழியை எழுத்தின்மேல் போட முடியாது. தேறுவதும் தேறாததும் அவள் போட்ட கணக்கின் பாடு.

ஃபனோர் தொண்டையைச் செருமினார். "வந்ததே வந்தேன். ரெண்டு வாரமா தலை கிறுகிறுன்னு இருக்கு. அழுத்தம் பாத்துச் சொல்றீங்களா?"

ரோஸ்மென் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கருவியை எடுத்துவந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள், இறக்கினாள், காது கொடுத்துக் கேட்டாள். அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டையில் எழுதினாள். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறை அங்கே பதினாலுக்கு ஒன்பது என்றுதான் எழுதுவார்கள்; கண்ணில் நீர் மறைத்ததில் அது நாலுக்கு ஒன்பது என்று விழுந்தது.

"நாலா?" என்றார் ஃபனோர், எட்டிப் பார்த்து. "அப்ப நான் செத்துல்ல இருக்கணும்?"

நேராக ஒரு கோடு அடித்தாள். சரியானதை எழுதினாள். பிறகு பேனா அந்தரத்தில் நின்றது.

"போடுங்க, மதாம். எழுத்து இல்லாத திருத்தத்தை எந்த டாக்டர் நம்புவாரு?"

அவள் மகளைப் பார்த்தாள்.

"போடும்மா" என்றாள் நதேஜ்.

ரோஸ்மென் மெதுவாக எழுதினாள். ஆர். புள்ளி. டி. புள்ளி. ஃபனோர் அட்டையை வாங்கி, அந்த இரண்டு எழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று நதேஜ் பிறகு எல்லோரிடமும் சத்தியம் செய்தாள். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு தொப்பியை மாட்டினார்.

"உப்பைக் குறைங்க, மாஸ்டர்" என்றாள் ரோஸ்மென் வாசல்வரை வந்து.

"பாக்கலாம்" என்று சொல்லி அவர் படியிறங்கினார். எதிர்வீட்டுப் பழக்காரி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அந்தக் கோட்டு மறையும்வரை நின்றுவிட்டு, ரோஸ்மென் கதவைச் சாத்தினாள்.